பத்து ரூபாய், பூஜ்யம் பைசா

ஐந்து மணிக்குள் பூவம்மாவிடம் கையெழுத்து வாங்கியாக வேண்டும். நெட்டுக்குப்பத்தில் பிராங்கிளின் பைக்கை நிறுத்தியபோது மணி நாலேகால்.

தப்பு அவனுடையது.

நிலக்கரி யார்டில் கிரேன் சரிந்து ஆறு பேர் செத்துப்போனார்கள். நஷ்டஈடு எவ்வளவு என்று குடும்பங்களுக்கு மெசேஜ் அனுப்பும் புரோகிராமை எழுதியவன் இவன்தான். தசம எண்ணை எடுத்து, முன்னால் ரூபாய்க் குறி போட்டு, லட்சத்துக்கும் ஆயிரத்துக்கும் நம்மூர் வழக்கப்படி கமா வைத்து, புள்ளிக்குப் பின்னால் இரண்டு இலக்கம். அந்தக் கமாவுக்காக மட்டும் இரண்டு நாள் மண்டையை உடைத்துக்கொண்டான்.

கணக்குப் பிரிவில் எல்லாவற்றையும் லட்சத்தில்தான் எழுதுவார்கள். பத்து லட்சம் என்றால் வெறும் 10.00. இவன் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை.

மகனைப் பறிகொடுத்த பூவம்மாவின் போனுக்கு வந்து சேர்ந்தது இதுதான்: நஷ்டஈடு ₹10.00. சம்மதம் என்றால் 1 அழுத்தவும்.

மற்ற ஐந்து குடும்பமும் கம்பெனி கேட்டில் வந்து நின்று வாய்க்கு வந்தபடி ஏசின. தலையைக் குனிந்து வாங்கிக்கொண்டான். அதில்கூட ஒரு நிம்மதி இருந்தது.

பூவம்மா மட்டும் வரவில்லை. அவள் ஒன்றை அழுத்தியிருந்தாள்.

சம்மதம் சம்மதம்தான் என்றார் மேனேஜர். இன்று ஐந்து மணிக்குள் அந்தம்மாவே மறுத்து எழுதிக் கொடுத்தால் பத்து லட்சம், இல்லாவிட்டால் பைலை மூடிவிடுவோம் என்று குரலை உயர்த்தாமலே சொன்னார்.

பூவம்மா மீன் கூடையைக் கழுவிக்கொண்டிருந்தாள். பிராங்கிளின் தட்டுத்தடுமாறி எல்லாவற்றையும் சொன்னான். அவள் கடைசிவரை கேட்டாள். ஈரக்கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு, அவன் காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டாள்.

திட்டுவாள் என்று காத்திருந்தான். கன்னத்தில் ஒன்று விட்டிருந்தால்கூட நிம்மதியாகப் போயிருப்பான். அவள் மறுபடி கூடையை எடுத்துக்கொண்டாள். பேப்பரை மடித்துப் பையில் வைத்துக்கொண்டே கேட்டான்.

"பத்து ரூபாய்னு பார்த்ததும் வந்து கேக்கணும்னு தோணலியாம்மா?"

"எம்புள்ளையோட அப்பாரு அதே யார்டுல செத்தப்போ இதுகூட வர்லியே நைனா. இந்த தபா மனசு வந்து ஏதோ குடுத்துகிறாங்கன்னு நெனச்சேன்."