இரண்டு கைத் தீனி

ராயபுரத்து மாடிவீட்டின் கிழக்கு ஜன்னல் வழியே காலை வெயில் கண்ணாடித் தொட்டிக்குள் சரிந்து விழுகிறது. அந்த வெளிச்சத்தில் தங்கமீன் வயிறு மேலாக மிதக்கிறது. எலுமிச்சம்பழம் போல ஊதிய வயிறு. தலையில் தொப்பியாய்ப் புடைத்த சிவப்புச் சதை தண்ணீருக்குள் தொங்க, செவுள் மட்டும் மெல்லத் திறந்து மூடுகிறது. காற்று மோட்டார் விடாமல் முணுமுணுக்கிறது. மகள் ஜானட் மனசுக்குப் பிடித்தவனைக் கட்டிக்கொண்டு எண்ணூருக்குப் போய் நான்கு மாதமாகிறது. அவள் பேரை இந்த வீட்டில் எடுக்கக்கூடாது என்று அப்பா ஆண்ட்ரூ சொன்ன நாளிலிருந்து, அவள் வளர்த்த மீனுக்கு அம்மா ஐரீன்தான் காலையில் தீனி போடுகிறாள். “ஒரு சிட்டிகதானே போட்டேன், எப்டி இப்டி ஊதிக்கினு கீது?” என்று தொட்டியையே கேட்கிறாள். காசிமேட்டில் மீன்கூடை இறக்கிவிட்டு வந்த ஆண்ட்ரூ வாசலில் நிற்கிறார். “நானும் போட்டேன்மே.” “நீயா? இன்னாத்துக்கு இந்தத் தண்ட மீனுன்னு கத்துவியே!” “சாயங்காலம் நீ ஜெபமாலைக்குப் போனா, என்னிய பாத்து வாயத் தொறந்துகினே வருது. பசின்னு நெனச்சிட்டேன்.” டன் டன்னாக மீன் அள்ளிய கை தண்ணீருக்குள் இறங்கி இந்த ஒன்றை நிமிர்த்திப் பிடிக்கிறது. விட்டதும் அது மறுபடி கவிழ, கை திரும்பவும் தாங்கிக்கொள்கிறது. “உப்பு போடணுமா, பட்டினி போடணுமா, இன்னாமே பண்றது?” “எனக்கு இன்னா தெரியும்? அவளுக்குத்தான் தெரியும்.” அவர் திரும்பிப் பார்க்கவில்லை. மீனைத் தாங்கிய கையை எடுக்கவுமில்லை. “சட்டப் பாக்கெட்டுல போன் கீது,” என்கிறார். “ஜானட்டுக்குப் போடு.”