மறுபடியும் ரிப்பேர்

மாடிப்படியில் அந்தச் செருப்புச் சத்தம் கேட்டதுமே ‘கிளிக்’ தன் சட்டைக் காலரை இழுத்துவிட்டுக்கொண்டான். கேமரா ரிப்பேர் கடை வைத்திருக்கும் அவனுக்குத் தெருவே சேர்ந்து வைத்த பெயர் அது. வந்தவள் அடுத்த தெருவில் கிளினிக் நடத்தும் பல் டாக்டர்.

“மறுபடியும் ரிப்பேர்” என்று கேமராப் பையை மேசைமேல் வைத்தாள். “பட்டன அமுக்கினா ஃபோகஸே ஆக மாட்டேங்குது. அப்பா காலையிலேர்ந்து ஒரே புலம்பல்.”

அவன் மனசு இறக்கை கட்டிப் பறந்தது. ஆனால் ஒன்றும் தெரியாதவன்போல முகத்தை வைத்துக்கொண்டு, “போன வாரம்தானே டாக்டர் சரி பண்ணிக் கொடுத்தேன்?” என்றான்.

போன வாரம் படமெல்லாம் சுண்ணாம்பு அடித்த சுவர் மாதிரி வெள்ளையாக வந்தது. வெளிச்சத்தின் அளவை யாரோ உச்சத்துக்கு ஏற்றி வைத்திருந்தார்கள். அதற்கு முன்பு படமெல்லாம் மங்கல். லென்ஸ் பக்கவாட்டில் இருக்கும் குட்டி சுவிட்ச் ஆட்டோவிலிருந்து மேனுவலுக்குப் போயிருந்தது. நடுவில் ஒருமுறை படமே பதியவில்லை என்று வந்தாள். பார்த்தால், மெமரி கார்டின் ஓரத்துப் பூட்டு கீழே தள்ளப்பட்டிருந்தது.

எதற்காவது ஸ்க்ரூடிரைவரைத் தொட வேண்டியிருந்ததா? கிடையவே கிடையாது. இருந்தாலும் நம்ம ஆள் ஒவ்வொரு தடவையும் டப்பா டப்பாவாகத் திறந்து, பிரஷ்ஷால் துடைத்து, ஊதி, ஒரு நொடி வேலைக்கு அவளை அரை மணி நேரம் உட்காரவைத்தான்.

இத்தனை கோளாறு ஒரே கேமராவுக்குத் தானாக வருமா என்ன? தன்னைப் பார்க்கத்தான் டாக்டர் சாக்குத் தேடுகிறாள் என்று அவன் முடிவே கட்டிவிட்டான். வாய்விட்டுக் கேட்கத்தான் தைரியம் இல்லை. நாள் முழுக்க ஊரையே வாயைத் திறக்கவைக்கிறவள் எதிரில் உட்கார்ந்திருக்கிறாள், இவனுக்கு நாக்கு ஒட்டிக்கொள்கிறது!

“உங்கப்பாவ ஒரு தடவ நேர்ல வரச் சொல்லுங்களேன். பொறுமையா சொல்லிக் கொடுத்துடறேன்” என்றான்.

“அவருக்கு முட்டி வலி. உங்க மாடிப்படிய நெனச்சாலே வலிக்குதாம். அதோட, பட்டன அமுக்கறதத் தவிர அவருக்கு ஒண்ணுமே தெரியாது.”

கார்டில் இருந்த படங்களைத் தட்டிப் பார்த்தான். மலை உச்சிப் பாறையில் ஒரு பருந்து, கீழே பொட்டுப் பொட்டாக வீடுகள்.

“அப்பா போன ஞாயித்துக்கிழம எடுத்தது. நல்லா இருக்கில்ல?” என்றாள்.

“பிரமாதம்” என்றான். படத்தை எங்கே பார்த்தான்? அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான்.

“ஆனா இதான் கடைசி. இன்னிக்குச் சரியாகலேன்னா மெயின் ரோட்டுப் பெரிய கடையில கொடுத்துடுன்னு அப்பா சொல்லிட்டாரு.”

அவனுக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஒழுங்காகச் சரி பண்ணினால் இனி வர மாட்டாள். பண்ணாவிட்டாலும் வர மாட்டாள். நாமே ஒரு கோளாறை உள்ளே வைத்து அனுப்பினால் என்ன என்றுகூடத் தோன்றியது. சே, அது தொழிலுக்குத் துரோகம் என்று தலையை உதறிக்கொண்டு மெனுவைத் திறந்தான்.

ஃபோகஸ் செய்யும் வேலையை யாரோ படம் எடுக்கும் பட்டனிடமிருந்து பிடுங்கி, பின்பக்கம் கட்டைவிரல் படும் பட்டனிடம் கொடுத்திருந்தார்கள்.

“டாக்டர், இது தானா மாறாது. மெனுவுக்குள்ள மெனு, அதுக்குள்ள இன்னொரு மெனுன்னு தேடிப் போயி மாத்தியிருக்காங்க. நல்லா விவரம் தெரிஞ்சவங்க வேல.” ஒருவழியாகக் கேட்டேவிட்டான். “நீங்கதானே?”

“நானா?” அவளுக்குச் சுர்ரென்று ஏறியது. “எனக்கு அத ஆன் பண்ணவே தெரியாதுங்க! நீங்கதான் வேணும்னே ஒண்ணச் சரி பண்ணிட்டு இன்னொண்ணக் கெடுத்து அனுப்பறீங்கன்னு நான் நெனச்சிட்டிருக்கேன்!”

“ஐயையோ! நான் எதுக்குங்க அப்படிப் பண்ணப் போறேன்?”

“அதானே... நீங்க எதுக்குப் பண்ணப் போறீங்க?” அவள் குரல் சட்டென்று இறங்கிவிட்டது.

இரண்டு முகமும் தொங்கிப்போயின. அவள் தன்னைப் பார்க்க வரவில்லை என்று அவனுக்கு வருத்தம். தான் வர வேண்டும் என்று இவன் ஆசைப்படவே இல்லை என்று அவளுக்கு வருத்தம். அவன் சுத்தமாக இருந்த லென்ஸையே திரும்பத் திரும்பத் துடைத்தான்.

“இருங்க, அப்பாவையே கேட்டுடறேன்” என்று போனில் ஸ்பீக்கரைப் போட்டாள். “அப்பா, கேமராவுல நீங்க ஏதாவது மாத்தினீங்களா? கடையில கேக்கறாரு.”

அந்தப் பக்கம் ஒரு பெருமூச்சு. “ஏம்மா, அவரு கேமராவப் பத்தி மட்டும்தான் கேக்கறாரா? வேற ஒண்ணும் கேக்கலையா?”

“வேற என்னப்பா கேக்கணும்?”

“அந்தக் கடைக்குப் போயிட்டு வந்தாலே ராத்திரி வரைக்கும் பாடிக்கிட்டே திரியறே. அதப் பாத்துட்டு நான் சும்மா இருக்க முடியுமா? அதான் இல்லாத முட்டி வலியச் சொல்லி ஒவ்வொரு தடவையும் உன்னையே அனுப்பினேன்.”

ஸ்பீக்கரை அணைக்க அவள் அவசரமாகப் பட்டனைத் தேடினாள். அதற்குள் அப்பாவே சொல்லி முடித்துவிட்டார்.

“இன்னுமா ரெண்டு பேரும் பேசிக்கல? இதுக்கு மேல கெடுக்க அந்தக் கேமராவுல ஒண்ணுமே இல்லம்மா!”