சேபொமின் முன்பல்

வாருங்கள்! கொரியாவின் தென்கரையில், அநாதை இல்லமொன்றின் முற்றத்தில், பட்டப்பகலில் நடக்கும் கொடுமைக்குச் சாட்சியாக நில்லுங்கள்!

ஆறு வயதுச் சேபொம் தன் முன்பல்லைக் கூரைமேல் வீசினாள். அந்த நாட்டு நம்பிக்கைப்படி, பழைய பல்லைக் கொண்டுபோகும் வால்காக்கை புதுப் பல்லைத் தர வேண்டுமல்லவா? மற்றப் பிள்ளைகள் மாதக்கணக்கில் காத்திருந்தார்கள். இவளுக்கு மாலைக்குள் முளைத்துவிடும். அதே பல் இந்த வாரம் விழுந்தது மூன்றாம் முறை.

"இவளுக்குன்னே காக்கா கடை போட்டிருக்குடா!" என்று பிள்ளைகள் கேலி செய்தார்கள்.

ஆசிரியை மிக்யாங்குக்குச் சிரிப்பு வரவில்லை. மரபணுவை மாற்றிப் பார்க்க மருத்துவர்கள் இரகசியமாக ஊசி போட்டபோது, வைட்டமின் என்று பொய் சொல்லிச் சேபொமை மடியில் இறுக்கிப் பிடித்திருந்தவள் அவள்தான்.

சேபொம் ஓடி வந்து அவள் முகத்தை உற்றுப் பார்த்தாள்.

"ஏன் டீச்சர் அழறீங்க? நீங்க சொன்ன வைட்டமின் நல்லாத்தான் வேலை செய்யுது. இங்க பாருங்க!"

வாயைத் திறந்து காட்டினாள். விழுந்த இடத்தில் அடுத்த பல் வெள்ளையாக எட்டிப் பார்த்தது. அதற்குப் பின்னால் இன்னொன்று. அதற்கும் பின்னால் இன்னொன்று.

மிக்யாங் வெட்கித் தலைகுனிந்தாள். நீங்களும் குனிந்து நிற்காதீர்கள்! அந்த இல்லத்தின் கதவை இன்றே உடையுங்கள்; பிள்ளைகளை வெளியே தூக்கி வாருங்கள்!