நட்டநடுவே ஒரு பொட்டு

"யாரு பண்ண வேலை இது?"

லோஹித் போட்ட சத்தத்தில், உள்ளே வாழைப்பழம் எடுத்து வைத்துக்கொண்டிருந்த ஜலஜாட்சி கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள்.

புது மானிட்டர் திரையின் நட்டநடுவே மூன்று விபூதிப் பட்டை. அதன் மேல் தாராளமாக ஒரு குங்குமப் பொட்டு.

"நான்தான் தம்பி. இன்னிக்கு ஆயுத பூஜையாச்சே."

"பூஜைன்னா ஓரத்துல வைக்கிறது, கீழே ஸ்டாண்டுல வைக்கிறது. இப்படியா நடுத் திரையில அப்புவாங்க?"

அந்த அச்சகத்தில் கல்யாணப் பத்திரிகைகளை வடிவமைப்பவள் ஜலஜாட்சிதான். லோஹித் பள்ளிக்கூடம் போகும் முன்பிருந்தே அங்கே இருக்கிறாள்.

அவன் குதித்ததற்கும் காரணம் இருந்தது. தாவணகெரே மண்டிப்பேட்டையில் அவன் அப்பா நஞ்சுண்டப்பாவின் அச்சகம் என்றால் நிறம் தப்பாது என்று பேர். அந்தப் பேருக்கும் ஒருநாள் கெட்ட காலம் வந்தது. திரையில் குங்குமச் சிவப்பாகத் தெரிந்த ஒரு பத்திரிகை, அச்சில் செங்கல் நிறமாக வந்துவிட்டது. பெண் வீட்டார் தெருவில் நின்று திட்டித் தீர்த்தார்கள்.

அப்புறம்தான் அவன் அப்பாவோடு மல்லுக்கட்டி இந்த மானிட்டரை வாங்கினான். ஜன்னல் வெளிச்சம் படாமல் திருப்பி வைத்தான். ஜலஜாட்சியின் கண் மட்டத்துக்கு உயர்த்தினான். அச்சான பத்திரிகையைத் திரைக்குப் பக்கத்தில் பிடித்துப் பிடித்து, சிவப்பு சிவப்பாகத் தெரியும் வரை ஓயவில்லை. அவன் பெண்டாட்டியே பொறாமைப்பட்டாள் என்று கேள்வி.

நஞ்சுண்டப்பா ஒன்றே ஒன்றுதான் சொன்னார்.

"ஆயுத பூஜை வரைக்கும் இதுல ஒரு கீறல் விழாம பார்த்துக்கோ. அன்னிக்குக் கல்லாச் சாவி உனக்கு. மெஷினைப் பார்த்துக்கத் தெரியாதவனுக்குக் கல்லா எதுக்கு? இத்தனை வருஷத்துல நான் எதுலயாவது ஒரு கீறல் விட்டிருக்கேனா?"

அதனால்தான் நேற்று பூஜைக்காகக் கடையைச் சுத்தம் செய்தபோது லோஹித் யாரையும் கிட்டே அண்டவிடவில்லை. காகிதம் வெட்டும் மெஷினில் தொடங்கி மானிட்டர் வரை எல்லாவற்றையும் தன் கையாலேயே துடைத்துவிட்டுப் பூசணிக்காய் வாங்க ஓடினான்.

இன்று காலையில் வந்து பார்த்தால் இந்தக் கோலம்.

"பில் மேசையில இருக்கிற பழைய மானிட்டர் மூலையிலயும் இப்படித்தான் ஒரு பொட்டு. வருஷாவருஷம் அது மேலயே அப்பி அப்பி ரொட்டி மாதிரி ஆக்கி வெச்சிருக்கீங்க. ஒருத்தரையும் தொட விடமாட்டீங்க. இப்ப இதுவுமா? படிச்சவங்கதானே ஜலஜக்கா நீங்க?"

"இன்னிக்கு ஒருநாள் இருக்கட்டும் தம்பி. நாளைக்கு நானே துடைச்சிடறேன்."

"அப்பா வந்து பார்த்தா என்ன சொல்வாரு?"

சொல்லி வாய் மூடவில்லை, வாசலில் ஸ்கூட்டர் வந்து நின்றது.

நஞ்சுண்டப்பா உள்ளே வந்தார். ஒவ்வொரு மெஷினாகத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டவர், புது மானிட்டர் முன்னால் வந்து நின்றுவிட்டார். லோஹித் முந்திக்கொண்டான்.

"நான் இல்லப்பா! எல்லாம் ஜலஜக்கா பண்ணினது. நான் அப்பவே திட்டினேன்."

நஞ்சுண்டப்பா பொட்டைப் பார்த்தார். ஜலஜாட்சியை ஒரு பார்வை பார்த்தார்.

"எதுக்குடா பதறுற? முகத்துக்கு நடுவுலதானே பொட்டு வைப்பாங்க?"

சிரித்துக்கொண்டே கற்பூரம் ஏற்றினார். பூசணிக்காய் உடைந்தது. கல்லாச் சாவி மகன் கைக்கு வந்தது. மனசு நிறைந்த மனுஷன், மண்டக்கிப் பொரிப் பொட்டலத்தை வாங்கிக்கொண்டு வீட்டுக்குக் கிளம்பினார்.

ஸ்கூட்டர் தெருமுனை திரும்பியதுதான் தாமதம், லோஹித் மெத்தென்ற துணியை நனைத்துப் பிழிந்து, பொட்டைப் பதமாகத் துடைத்தான்.

பொட்டு போயிற்று. அடியில், விரல் நீளத்துக்கு ஒரு கீறல்.

"ஓஹோ! இதுக்குத்தான் இந்த பக்தியா? நீங்க கீறிட்டு, சாமி பேரைச் சொல்லி மூடி வெச்சிருக்கீங்க. இருங்க, அப்பாவையே கூப்பிடறேன்."

போனை எடுத்துவிட்டான்.

ஜலஜாட்சி கோபப்படவில்லை. மேசைக்கு அடியில் கிடந்த நேற்றைய துணியை எடுத்து ஒரு வெள்ளைக் காகிதத்தின் மேல் உதறினாள். பொடிப்பொடியாக இரும்புத் துகள் உதிர்ந்தது.

"வெட்டுற கத்தியைத் துடைச்ச துணியாலேயே இதையும் அழுத்தித் துடைச்சுட்டு ஓடினீங்க தம்பி. காலையில வந்து பார்த்தேன், பகீர்னு ஆயிடுச்சு. சாவி வாங்கப்போற நாள்ல உங்க முகம் வாடக் கூடாதேன்னுதான் பொட்டு வெச்சேன்."

லோஹித்துக்கு முகம் சுண்டிப்போயிற்று. போனைக் கீழே வைத்தான்.

"மன்னிச்சிடுங்கக்கா. நீங்க என்னைக் காப்பாத்தியிருக்கீங்க. நான் அப்பா முன்னாடி உங்களை மாட்டிவிட்டேன்."

"விடுங்க தம்பி. பூஜை நாளும் அதுவுமா..."

"இல்லக்கா. இப்பவே போய் உண்மையைச் சொல்லி, சாவியைத் திருப்பிக் கொடுத்துடறேன். ஒரு கீறல்கூட விடாத மனுஷன் அவர். அவர்கிட்ட ஏமாத்தி வாங்கக்கூடாது."

ஜலஜாட்சிக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. பில் மேசைக்குப் போய், பழைய மானிட்டரின் மூலையில் ரொட்டியாகத் தடித்திருந்த பொட்டைத் தட்டிக் காட்டினாள்.

"தாராளமா போய்ச் சொல்லுங்க. அப்படியே இதையும் கையோட எடுத்துட்டுப் போங்க தம்பி. இதுக்கு அடியில இருக்கிற கீறல், உங்க அப்பாவோடது."