இன்னும் பன்னிரண்டு நிமிடம்

"சிஸ்டர், மூணாவது தடவையா ஆள் வந்து கூப்பிடுறாங்க. அவரை உள்ளே அனுப்புங்களேன்!"

நர்ஸ் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "மருந்து ஏறி முடியட்டும்மா. இன்னும் பன்னெண்டு நிமிஷம்."

கெஞ்சியவள் ஆபரேஷன் தியேட்டர் வாசலில் நின்றுகொண்டிருந்தாள். இருபது வருஷம் பஸ் ஓட்டிய கணவர், ஸ்ட்ரெச்சரில் படுத்துக்கொண்டு அவள் சுண்டுவிரலைப் பிடித்த பிடி விடவில்லை. கல்லீரலில் கட்டி. இன்றைக்கு வெட்டி எடுக்கப் போகிறார்கள்.

நேற்றே பெரிய டாக்டர் விளக்கியிருந்தார். "வெட்டும்போது கல்லீரலுக்குப் போற ரத்தத்தைக் கொஞ்ச நேரம் அடைச்சு வைப்போம். திரும்பத் திறக்கும்போது பாய்ஞ்சு வர்ற ரத்தமே கல்லீரலைக் காயப்படுத்தும். அதைத் தாங்கத்தான் முன்கூட்டியே ஒரு மருந்து."

அந்த மருந்து சொட்டுச் சொட்டாக இறங்கிக்கொண்டிருந்தது. அவசரமே இல்லாமல்.

ஃபோன் அடித்தது. நர்ஸ் எடுத்தாள். அந்தப் பக்கம் யாரோ காட்டுக் கத்தல் கத்தினார்கள், வார்த்தை புரியவில்லை.

"முடியாது சார். முழுசும் ஏறாம அனுப்ப மாட்டேன்."

டொக்கென்று வைத்துவிட்டாள்.

"என்ன திமிர் பாத்தியாக்கா?" தம்பி கிசுகிசுத்தான். "அங்கே தியேட்டரே காத்துக்கிட்டிருக்கு. இந்தச் சிடுமூஞ்சி வழிமறிச்சு நிக்குது."

"லேட்டானா ஆபரேஷனைத் தள்ளிப் போட்டுருவாங்களாடா?"

"போட்டாலும் போடுவாங்க."

அதற்குமேல் அவளால் பொறுக்க முடியவில்லை. "ஏம்மா, உங்க வீட்டு ஆளா இருந்தா இப்படி நிறுத்தி வெப்பீங்களா?"

"ஒன்பது நிமிஷம்," என்றாள் நர்ஸ்.

ஒரு வழியாக ஸ்ட்ரெச்சர் உள்ளே போய்க் கதவு மூடியது. தம்பி சொல்லச் சொல்ல, நர்ஸ் மேல் ஒரு பக்கத்துக்குப் புகார் எழுதி அலுவலகத்தில் கொடுத்துவிட்டு வந்தாள்.

ஆறு மணி நேரம். பச்சைத் தண்ணீர் பல்லில் படவில்லை.

பெரிய டாக்டர் வெளியே வந்தார். "நல்லா இருக்கார்மா."

அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

"கட்டி ரத்தக்குழாயோட ஒட்டிக்கிட்டிருந்துச்சு. இருபது நிமிஷம் அடைச்சாப் போதும்னு நெனச்சோம், ஒரு மணி நேரம் ஆயிடுச்சு. திரும்பத் திறந்துவிடும்போது எனக்கே உதறல். ஆனா கல்லீரல் தாங்கிடுச்சு. மருந்து முழுசா ஏறியிருந்ததாலதான்."

சட்டைப் பையிலிருந்து ஒரு தாளை எடுத்துப் பிரித்தார். அவள் எழுதிய புகார். அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"'நோயாளியின் உயிரோடு விளையாடினார்.' சரியாத்தான் எழுதியிருக்கீங்க. ஆளை மட்டும் மாத்திடுங்க," என்று பேனாவை நீட்டினார் டாக்டர். "அடுத்த கேஸ் காத்திருக்கு, பாதி மருந்து போதும், அனுப்புன்னு ஃபோன்ல கத்தினது நான்தான்."