செருப்பின் மேல் பழி

ஜெசிந்தா டீச்சரின் இடது செருப்புக்கு மனசே ஆறவில்லை. மூன்றாவது மாடிக்கு ஏறும்போதெல்லாம் டீச்சர் திருப்பத்துக்குத் திருப்பம் நின்று, குனிந்து, அதன் வாரை அவிழ்த்து மாட்டுவார். யாராவது பார்த்தால், “இந்தச் செருப்பு ஒரே தொல்லைங்க” என்பார்.

“நான் ஒழுங்காத்தானே இருக்கேன்? எதுக்கு என் தலையில பழியைப் போடறாங்க?” என்று வலதிடம் பொருமியது.

“இன்னிக்கு அவங்க குனியறப்போ காது கொடுத்துக் கேளு” என்றது வலது.

கேட்டது. டீச்சரின் நெஞ்சுக்குள் விசில் மாதிரி இழுப்பு. வாரை மாட்டியாயிற்று, மூச்சுதான் இன்னும் திரும்பவில்லை.

அப்போது பக்கத்து வீட்டுக்காரர் மேலிருந்து இறங்கி வந்தார். “என்ன டீச்சர், உடம்புக்கு முடியலையா?”

இடது செருப்பு சட்டென்று தன் வாரைத் தானே அவிழ்த்துக்கொண்டது.