எந்த நாட்டுப் பெட்டி?

“இது இந்த நாட்டுப் பொட்டியே இல்ல மேடம்” என்றான் இல்யாஸ், ஏணியில் நின்றபடி.

கீழே ஏணியைப் பிடித்திருந்த தேவயானியின் கை வழுக்கியது. ஏணி ஆடியது.

“புடிங்க மேடம்! வூட்ல ரெண்டு புள்ளைங்க கீறாங்க எனக்கு.”

அந்த மலையில் சில ஊர்கள் சேர்ந்தால் ஒரு ‘நாடு’; அப்படி ஒன்றான நெல்லிவாசல்நாட்டில் பெண் பிள்ளைகளுக்காக ஒரு தொண்டு நிறுவனம் நடத்தும் படிப்பு மையம் அது. தேவயானிதான் பொறுப்பு. மறுநாள் காலை அங்கே படிக்கும் பெண்களுக்கு நர்சிங் நுழைவுத் தேர்வு, ஆன்லைனில். சுவரில் மாட்டியிருக்கும் வைஃபை பெட்டி வேலை செய்தால் இங்கேயே எழுதிவிடலாம். இல்லாவிட்டால் திருப்பத்தூருக்கு இறங்க வேண்டும். அவ்வளவு தூரம் பெண்ணை அனுப்ப எந்த அப்பனும் தயாராக இல்லை. பெட்டி விளக்கு எரிகிறதே தவிர ஒன்றும் செய்யவில்லை என்றுதான் வாணியம்பாடியிலிருந்து இல்யாஸை வரவழைத்திருந்தாள்.

“இன்னா தம்பி சொல்ற?”

“பொட்டிக்குள்ள ஓடுற புரோகிராம் மொத்தமும் ஒரே ஃபைலா வரும். இமேஜுன்னு சொல்லுவோம். நாட்டுக்கு நாடு வேற இமேஜு. நான் கொண்டாந்தது நம்ம நாட்டுது. ஏத்துனா துப்புது.”

“நம்மள மாரியேதான்க்கா, எதுவும் ஏற மாட்டேங்குது” என்றாள் அங்கே படிக்கும் ஆனந்தி. மற்ற பெண்கள் சிரித்தார்கள். தேவயானி சிரிக்கவில்லை.

“நாடு மாறுனா அதுக்குத் தெரிஞ்சிடுமா?”

“தெரியாம? உள்ளயே எழுதி வெச்சிருக்கான். யாரோ வேற நாட்டுலேர்ந்து கொண்டாந்து இங்க மாட்டிக்கீறாங்க.”

தேவயானி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

“இப்ப இன்னா பண்றது?”

“நம்பரை உங்க ஆபீசுக்குச் சொன்னா, எந்த நாட்டுதுன்னு பாத்துச் சொல்லிடுவாங்க. போன் சிக்னல் எங்க கெடைக்கும்?”

“மேட்டுக்குப் போவணும்... ஆபீசுக்கு அவசியம் சொல்லணுமா தம்பி?”

“சொல்லாம எப்டி மேடம்?”

பெட்டியைக் கழற்றி மேசைமேல் வைத்தான். அதன் முதுகிலிருந்த நம்பரைப் படம் எடுத்துக்கொண்டு மேட்டைப் பார்த்து நடந்தான்.

அவன் தலை மறைந்ததும் தேவயானி பெட்டியை ஒரு துண்டில் சுற்றினாள். மலைக்குச் சாமான் ஏற்றி இறக்கும் பிரகாஷ் வாசலில் புளி மூட்டை ஏற்றிக்கொண்டிருந்தான். அவன் ஜீப்புக்கு ஓடினாள்.

“பிரகாஷு, இத புதூர்நாட்டு சென்டர்ல குடுத்துடு. அவங்களுக்கு வந்தத தெரியாம எங்க நாட்டுல எறக்கிட்டேன்னு சொல்லிடு.”

“தெரியாமலா? நீதானே யக்கா வண்டிய மறிச்ச? ‘அவங்களுக்குத்தான் ஏற்கெனவே ஒண்ணு கீதே, இத எங்களுக்கு வெச்சுட்டுப் போ’ன்னியே!”

“கத்தாத. எந்த நாட்டுதுன்னு அதுவே காட்டிக் குடுக்குது. ஆபீசுக்குத் தெரிஞ்சா சென்டரையே மூடிடுவாங்க.”

“அப்ப நாளைக்குப் பரீட்ச?”

தேவயானி மையத்தைத் திரும்பிப் பார்த்தாள். ஜன்னலில் ஆனந்தி எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிரகாஷ் பெட்டியை மூட்டைகளுக்கு நடுவில் செருகிக்கொண்டு கிளம்பினான். ஜீப் வளைவில் இறங்கி மறைந்தது.

அந்தப் புழுதி அடங்குவதற்குள் இல்யாஸ் மூச்சிரைக்க ஓடிவந்தான். முகமெல்லாம் சிரிப்பு.

“ஆபீசுல இன்னா ஏதுன்னுகூட கேக்கல மேடம், நம்பர பாத்து உடனே சொல்லிட்டாங்க. செகண்ட் ஹேண்டுல வாங்குன பொட்டியாம், ஜப்பான் நாட்டுது. அந்த இமேஜையும் போன்ல எறக்கிட்டேன். இனிமே அஞ்சு நிமிஷ வேலைதான்... பொட்டிய எங்க வெச்சீங்க?”